டைக்ரஸின் முறை எப்போது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும்போது என் மகள் டிவி முன்னால் இருப்பாள். ஓடுவது 'குங்ஃபூ பாண்டா' தொடர். 2008-இல் வந்த படத்தை ஒட்டி 2011-இல் நிக்கலோடியன் தொடங்கியது. மகள் ஐந்து வருடமாகக் கராத்தே பயில்கிறாள். ஒருநாள் கேட்டாள்: "டைக்ரஸ்தானேம்மா நல்லா சண்டை போடுறா? அப்புறம் ஏன் போ மட்டும் ஹீரோ?"

பதில் முதல் படத்திலேயே இருக்கிறது. டைக்ரஸ் அநாதை விடுதியில் வளர்ந்தவள். மற்ற குழந்தைகள் அவளைக் கண்டு பயந்தார்கள். குரு ஷிஃபுவிடம் ஆண்டுக்கணக்கில் பயின்று, டிராகன் வீரர் பட்டத்துக்கு ஓரடி தூரத்தில் நிற்கிறாள். அப்போது பட்டாசு கட்டிய நாற்காலியில் பறந்துவந்து அவள் முன்னால் பொத்தென்று விழுகிறான் போ. ஒருநாளும் பயிற்சி எடுக்காதவன். மூத்த குரு ஊக்வேயின் விரல் அவனைக் காட்டுகிறது. கடைசியில் அவனை 'மாஸ்டர்' என்று வணங்குவதும் அவள்தான்.

"நூடுல்ஸ் கடைக்காரர் மகன், குண்டுப் பையன். எளியவன் ஜெயிப்பது நல்லதுதானே?" என்பார்கள், முற்போக்குத் தோழர்கள் உட்பட. ஜெயிக்கட்டும். ஆனால் யாரைத் தாண்டிப் போகிறான்? ஜமீன்தார் மகனையா? அப்பா, கடை என்று அவனுக்காவது ஏதோ இருக்கிறது. அவளுக்கு இருந்தது உழைப்பு ஒன்றுதான்.

2024-இல் வந்த நான்காம் படத்தில் போ தன் வாரிசைத் தேர்ந்தெடுக்கிறான். இம்முறை ஒரு பெண்ணைத்தான், ஜென் என்ற திருட்டு நரியை. டைக்ரஸ் தலையைக் காட்டுவதோடு சரி. 16 வருடம் கழித்தும் அவள் முறை வரவில்லை. இத்தனைக்கும் குங்ஃபூவின் விங் சுன் மரபு, தன்னைத் தோற்றுவித்தவர் ங் முய் என்ற பௌத்தத் துறவினி என்றே கதை சொல்கிறது.

இது சீனத்துக் கதையோ ஹாலிவுட் கதையோ மட்டுமல்ல. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவிகளுக்குக் கொடுக்கும் மூன்று மாதப் பயிற்சியின் பெயரே தற்காப்பு. கலை பையன்களுக்கு, காப்பு பெண்களுக்கு. மகளின் வகுப்பிலும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெண்கள், போட்டிக்குப் போவது பையன்கள். மாஸ்டரிடம் காரணம் கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்குத் தன்னைக் காப்பாத்திக்கத் தெரிஞ்சா போதாதாம்மா?" என்றார்.

போதாது. யாரோ அடிக்க வருவான் என்பதற்காக மட்டும் என் மகள் காலைத் தூக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருக்கிறது, நன்றாகவும் வருகிறது. அடுத்த போட்டிப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லாவிட்டால் மறுபடி போய்க் கேட்பேன். இம்முறை மற்ற அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு.