எடையைக் கழட்டினா போதுமா? டிராக் ரேஸ் பக்தர்களோடு ஒரு சண்டை

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஆரம்பித்த சண்டை இது. அங்கே முடியவில்லை, அதனால் இங்கே கொண்டு வந்துவிட்டேன்.

நண்பன் ஒருத்தன் (பேர் வேண்டாம், படிப்பான்) தன்னுடைய பழைய சின்ன காரை டிராக் ரேஸுக்குத் தயார் செய்கிறான். பின்சீட், ஸ்டெப்னி எல்லாம் கழட்டியாச்சு. அடுத்து கதவுக்குள்ளே இருக்கிற இரும்புக் குழாயையும் வெட்டி எடுக்கப் போகிறானாம். ஏன்டா என்றால், "மாப்ள, நேர்கோட்டுல 400 மீட்டர். இதுல காத்துக்கு என்னடா வேலை? எடைதான் எல்லாம்" என்கிறான். சரி, கொள்கைவாதி என்று பார்த்தால், அதே வாயால் டிக்கி மேலே ஒரு பெரிய இறக்கை வைக்கப் போவதாகவும் சொல்கிறான். எதுக்குடா? "சும்மா கெத்துக்கு." :-)

நம்ம ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒன்று "எடைதான் எல்லாம்" கட்சி, இன்னொன்று "ஸ்பாய்லர் வெச்சா பறக்கும்" கட்சி. இவன் இரண்டிலும் உறுப்பினர். என் வாதம் என்னவென்றால் இரண்டு கட்சியுமே தப்பு. எடையையும் காற்றையும் தனித்தனியாகக் கணக்குப் போட முடியாது. எந்த வேகத்தில், எந்தச் சக்கரத்தின் மேல் என்று கேட்காமல் இரண்டையும் பேசுவதே வெட்டிப் பேச்சு.

முதலில் எடைக் கட்சிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். கால் மைல் ஓட்ட நேரத்துக்கு அமெரிக்காவில் ரொம்ப நாளாகப் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. எடையை எஞ்சின் சக்தியால் வகுத்தால் வருவதன் கனமூலத்தைப் பொறுத்தே நேரம் மாறும். அதாவது எடை 3 சதவீதம் குறைந்தால் நேரம் சுமார் 1 சதவீதம் குறையும். ஓட்டுநரோடு சேர்த்து 900 கிலோ இருக்கும் கார் 17 விநாடியில் ஓடுகிறது என்று வையுங்கள். 45 கிலோ கழட்டினால் கால் விநாடிக்கு மேல் மிச்சம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல லாபம்தான்.

ஆனால் எடைக் கட்சி கும்பிடுகிற பழைய கார்களையே பாருங்கள். 1964ல் வந்த ஃபோர்டு தண்டர்போல்ட்டில் முன்பக்கத் தகடுகளை ஃபைபர் கிளாஸில் செய்தார்கள். எடை குறைந்தது, சரி. ஆனால் கனமான பேட்டரியைத் தூக்கிப் பின்னால் டிக்கியில் வைத்தார்கள். 1965ல் டாட்ஜ், பிளைமவுத் கார்களின் உடம்பை அமிலத்தில் முக்கித் தகட்டை மெலிதாக்கினார்கள். கூடவே பின்சக்கரங்களை 15 அங்குலம் முன்னால் தள்ளி வைத்தார்கள். எல்லாம் எதற்கு? பின்சக்கரம்தான் காரை ஓட்டுகிறது, பாரம் அதன்மேல் உட்கார்ந்தால்தான் டயர் தரையைப் பிடிக்கும். எவ்வளவு எடை என்பதோடு எங்கே எடை என்பதையும் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

நண்பனின் கார் முன்சக்கரத்தால் ஓடுவது. பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் பிடிப்பு குறையும். டிக்கி மேல் இறக்கை வைத்தால் சும்மா உருளுகிற பின்சக்கரத்தைத்தான் அது அமுக்கும். பின்னச்சுக்குப் பின்னால் அமுக்கினால் ஏற்றப்பலகை மாதிரி முன்பக்கம் லேசாகும். கெத்துக்குக் காசு கொடுத்து வேகத்தை விற்கிறான்!

அப்போ காற்று? அதை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்தில் ஏறும். ஒரு சாதாரண காருக்கு நான் போட்ட கணக்கில் மணிக்கு 100 கிலோமீட்டரில் சுமார் 12 குதிரைத்திறன் காற்றுக்கே போகிறது. 200ல் சுமார் 97. 300ல் சுமார் 326! முதல் இருபது மீட்டரில் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வேகமான கார்களுக்குக் கடைசி நூறு மீட்டரில் அதுதான் முதலாளி.

இதற்கு உதாரணம் டான் கார்லிட்ஸ். 1986ல் இவர் கொண்டு வந்த ஸ்வாம்ப் ராட் 30 என்ற டிராக்ஸ்டரில் கூரான மூடிய மூக்கு, ஓட்டுநர் தலைக்கு மேல் கண்ணாடிக் கூண்டு. எடைக் கட்சி கணக்கில் இதெல்லாம் தண்டச்சுமை. ஆனால் அந்த வண்டிதான் மணிக்கு 272.56 மைல், அதாவது சுமார் 439 கிலோமீட்டர் தொட்டது. 270 மைலைத் தாண்டிய முதல் டிராக்ஸ்டர் அதுதான்.

கதை அங்கே முடிந்தால் ஸ்பாய்லர் கட்சி ஜெயித்துவிடும். முடியவில்லை. அதே 1986ல் இங்கிலிஷ்டவுன் என்ற ஊரில் அந்த வண்டியின் மூக்கு மேலே எழும்பியது. அடியில் காற்று புகுந்தது. வண்டி வாலில் நின்று, திரும்பி, புறப்பட்ட பக்கம் பார்த்து இறங்கியது. கார்லிட்ஸ் பிழைத்தார். அடுத்த வருடம் ஸ்போகேனில் வேறொரு வண்டியில் மறுபடியும் அதே கதை. முன்பக்கம் லேசாக இருந்து பின்சக்கரம் முழு பலத்தோடு தள்ளினால் மூக்கு எழும்பும். எழும்பிய பிறகு தீர்ப்புச் சொல்வது காற்றுதான்.

இன்றைய டாப் ஃபியூயல் வண்டிகள் இதையெல்லாம் படித்துத் தேறியவை. பின்னால் பெரிய இறக்கை, அதைச் சமன் செய்ய மூக்கில் சின்ன இறக்கை, வண்டி மல்லாந்துவிடாமல் பின்னால் வீலி பார். பின் இறக்கை மட்டும் முழு வேகத்தில் வண்டியின் எடையைவிட அதிகமாக அமுக்குகிறது. இதற்கு மேல் குறைந்தபட்ச எடை விதி வேறு. 2012ல் ஓட்டுநர் தலைக்கு மேல் மூடிக்கும் அனுமதி வந்தது. ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு அடித்துக்கொள்கிற கூட்டமே உயிருக்காக எடையை ஏற்றிக்கொள்கிறது.

இப்போது அந்தக் கதவுக் குழாய்க்கு வருவோம். எல்லாக் கதவுக்கும் சேர்த்து 5 கிலோ என்று தாராளமாகவே வைக்கிறேன். மேலே சொன்ன கணக்கில் மிச்சமாவது 0.03 விநாடி. நீ கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. அந்தக் குழாய் இருப்பது பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதும்போது உன் விலா எலும்புக்கும் அதற்கும் நடுவில் நிற்க. ரேஸ் ஒரு நாள்தான். மிச்ச நாள் அதே காரில்தான் உங்க அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போவாய்.

எடையே ஏறாத ஏரோடைனமிக்ஸ் வேண்டுமா? கண்ணாடியை ஏற்றி விடு. கூரையில் இருக்கிற கேரியரைக் கழட்டு, எடையும் குறையும், காற்றும் குறையும். இறக்கைக்கு வைத்திருக்கிற காசில் நல்ல முன் டயர் இரண்டு வாங்கு. அந்தக் குழாயில் மட்டும் கை வைக்காதே.

கணக்கில் தப்பு இருந்தால் மெஸ்ஸுக்கு வா, பேசிக்கலாம். டீ என் கணக்கு.