முன்னால் யார் போவது?

கொல்லிமலைக்கு நண்பர்களோடு பைக்கில் போகிறவர்கள், காரவள்ளி அடிவாரத்தில் டீ குடிக்கும்போதே ஒன்றைப் பேசி முடித்துவிட வேண்டும். முன்னால் யார் போவது? கூட்டத்தில் பழக்கம் குறைந்தவர்தான் என்பது என் கட்சி. மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. கைதேர்ந்தவர் முன்னால் பறந்தால், பின்னால் வருகிறவர் ரோஷத்துக்காகவே ஆக்ஸிலேட்டரை முறுக்குவார். ஏற்றத்தில் பரவாயில்லை, மலையே வேகத்தைக் குறைத்துவிடும். இறக்கம்தான் வினை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி, பிரேக்கை மட்டும் நம்பி வந்தால், பாதி மலையிலேயே சூடேறிப் பிடிப்புக் குறையும். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்கினால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி, சாலை விதியே அப்படி. (ஹாரனை அழுத்தியபடி இறங்கும் கார்க்காரர்களுக்கு இதை யார் சொல்வது?) வளைவின் நடுவே வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பலாவும் மிளகும் ஏற்றிய வண்டிகள் இறங்கும் பாதை அது. திரும்பி முடிக்கும்வரை அந்த டிரைவருக்கு நீங்கள் நிற்பதே தெரியாது.