கொல்லைச் செடிகளுக்குத் தானே பாயும் நீர்

சமீப காலமாக நமது மாவட்டத்துச் சங்கங்கள் சிலவற்றில் ஒரு யோசனை பேசப்பட்டு வருகின்றது. அங்கத்தினர்களின் கொல்லைப்புறத்திலும் மாடியிலும் வளரும் கத்தரி, வெண்டை, கீரை, கறிவேப்பிலை முதலியவற்றுக்கு வேளை தவறாமல் தானே நீர் விடும் மின்கருவிகளைச் சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தவணை முறையில் வழங்கலாம் என்பதே அது. நல்லெண்ணத்தில் பிறந்த யோசனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பணியின் நிமித்தம் பல சங்கங்களுக்கும் சென்று வரும் நாம், இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை முன்னதாகவே கூறிவிட விரும்புகின்றோம். தானே நீர் பாயும் ஏற்பாடு அங்கத்தினர் வீடுகளுக்கு அவசியம் வேண்டியதே. அதற்கு அந்த மின்சாரப் பெட்டி வேண்டியதில்லை.

தேவை எத்தகையது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓரடி அகலமுள்ள பையில் வளரும் கத்தரிச் செடி கடுங்கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் கேட்கும். இருபது பைகள் என்றால் 30 லிட்டர். அதாவது இரண்டு குடம். இரண்டு குடம் என்று வாயால் சொல்வது எளிது. ஆரணியிலோ தேவிகாபுரத்திலோ ஒரு நெசவாளர் இல்லத்தில் அந்த இரண்டு குடத்தை எடுப்பவர் யார்? தறியில் அமர்ந்தவர் எழுந்தால் வேலை நிற்கும். ஆகவே அவர் எழுவதில்லை. காலையில் சமைத்து, பகலெல்லாம் தார் சுற்றி, பாவு வேலைக்கும் உடனிருந்த இல்லத்தரசியே மாலையில் குடத்தையும் எடுக்கின்றார். தோட்டம் மாடியில் இருந்தால் படியும் ஏறுகின்றார். சித்திரை, வைகாசியில் தெருக்குழாய் நீர் சுருங்கும்பொழுது, செடிக்கு ஊற்றுவதா, வீட்டுக்கு வைத்துக்கொள்வதா என்ற நிலை வந்துவிடுகின்றது. அந்தப் போட்டியில் செடிதான் தோற்கும். மாசி வரை காய்த்துக் கொண்டிருந்த வெண்டை சித்திரைப் பௌர்ணமிக்குள் சருகாகிவிடுவது பல வீடுகளில் நாம் கண்ட காட்சி.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் சென்றால் செடி வாடிவிடுமே என்பது கருவி விற்போர் கூறும் காரணம். திருவண்ணாமலை நகரவாசிகளுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. நாம் வெளியூர் போவதைக் காட்டிலும் வெளியூரார் நம் வீட்டுக்கு வருவதே அதிகம். கார்த்திகை தீபத்தின்போது கூட்டம் பெரிதாயினும் அது மழைக்காலம். செடியை வானம் பார்த்துக்கொள்ளும். சித்திரைப் பௌர்ணமியே சோதனை. கிரிவலம் வந்த உறவினர் கை கால் கழுவவே ஒரு தொட்டி நீர் வேண்டியிருக்கும் அந்நாளில், கத்தரிச் செடியை நினைப்பவர் யார்?

இனிப் பெட்டியின் அமைப்பைக் காண்போம். மண்ணில் குத்திவைக்கும் ஈர உணரி ஒன்று. சிறு கணிப்பொறிப் பலகை ஒன்று. பீப்பாயில் மூழ்கியிருக்கும் சிறு மோட்டார் ஒன்று. சில கெஜம் குழாய். மண் காய்ந்ததென்று உணரி தெரிவித்தால் பலகை மோட்டாரை ஓட்டும், நனைந்ததும் நிறுத்தும். 2005-ஆம் ஆண்டில் இத்தாலியில் மாணவர்களின் உபயோகத்துக்கென உருவான ஆர்டுயினோ போன்ற மலிவான பலகைகள் பரவிய பின்னர், கல்லூரி மாணவர் எவரும் இதனைச் சில நாட்களில் செய்து முடித்துவிடுகின்றனர். மாணவர் செய்து பழகட்டும். அது நல்ல கல்வியே. வீட்டில் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும் என்னும்பொழுதுதான் குறைகள் வெளிப்படுகின்றன. மலிவான உணரியின் இரு உலோகப் பற்களுக்கிடையே ஈர மண்ணில் மின்சாரம் பாயப் பாய, உலோகம் அரித்துப்போகும். உரம் இட்டால் மண்ணின் உப்பு மாறி, உணரி சொல்லும் கணக்கும் மாறும். உலோகம் மண்ணில் படாத உயர்ந்த வகையும் உண்டு. அது நெடுநாள் உழைக்கும். ஆனால் எந்த வகையாயினும் ஓர் உணரி ஒரு பைக்குத்தான் சாட்சி. சுவர் நிழலில் நிற்கும் பையில் அதனைக் குத்தினால், வெயிலில் நிற்கும் பத்தொன்பதும் வாடும்.

கருவியில் பழுது ஏதுமின்றியே நேரும் சேதமும் ஒன்றுண்டு. குழாயின் வாய் பீப்பாயின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்குமானால், மோட்டார் நின்ற பின்னும் நீர் நிற்காது. பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெயைக் குழாய் வைத்து உறிஞ்சி இறக்கியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 200 லிட்டர் நீரும் இரவோடிரவாக இறங்கிவிடலாம். சுவருக்கு அப்பால் குழித்தறி இருக்குமானால் அந்நீர் எங்கே போய்த் தேங்கும் என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தடுக்கும் வழி மிகச் சிறிது: குழாயைப் பீப்பாயின் விளிம்புக்கு மேலாக வளைத்து, அந்த வளைவின் உச்சியில் ஊசித்துளை ஒன்று இட்டுவிட்டால், மோட்டார் நின்றவுடன் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். மோட்டார் வைத்து ஏற்கெனவே நீர் விடுவோர் இதனை இன்றே செய்துகொள்வது நலம்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். நமது முக்கிய ஆட்சேபம் வேறு. பெட்டியானது பீப்பாயிலிருந்து செடிக்கு நீரைக் கொண்டு செல்கின்றது. பீப்பாய்க்கு நீரைக் கொண்டு வருவதில்லை. பீப்பாய் காலியானால் குடத்தை எடுக்க வேண்டியவர் அதே இல்லத்தரசிதான். ஆகவே, செடிக்கு நீர் விடும் ஏற்பாட்டைத் திட்டமிடுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பீப்பாய் எங்கே நிற்கும், எப்படி நிரம்பும் என்பதையே. வீட்டுக் குழாய் எட்டும் இடத்தில் அதனை நிறுத்தி, மேல்நிலைத் தொட்டிகளில் உள்ளதைப் போன்ற மிதவை வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டால், குழாயைத் திறந்தே வைத்துவிடலாம். நள்ளிரவில் நீர் வந்தாலும் பீப்பாய் தானே நிரம்பும். நிரம்பியதும் தானே அடைத்துக்கொள்ளும். மின்சாரம் கேட்காத இந்தச் சிறு வால்வு, குடம் சுமக்கும் வேலையைக் குறைக்கும் அளவுக்கு வேறு எந்தக் கருவியும் குறைப்பதில்லை. அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் இதில் சேர்க்க வேண்டாம். அவை சிறு குழாய்களை அடைத்துவிடும். கையோடு வாழைக்கு ஊற்றிவிடலாம்.

பீப்பாயிலிருந்து செடிக்கு நீர் செல்ல வழி என்ன? அக்னி நட்சத்திர நாட்களில் அண்ணாமலையார் கோயிலில் லிங்கத்தின் மேல் தாராபாத்திரம் தொங்குவதை நம் அங்கத்தினர் அனைவரும் தரிசித்திருப்பர். அடியில் சிறு துளை. அதன் வழியே இடைவிடாத துளிகள். இயக்குவது நீரின் கனம் ஒன்றே. பீப்பாயை இடுப்பளவு உயரத்தில் கல்லடுக்கி நிறுத்திச் சிறு குழாய்களை இறக்கினால் அதே காரியம் நம் தோட்டத்திலும் நடக்கும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உள்ளது. வயலுக்கெனக் கடைகளில் விற்கும் சொட்டுவான்கள் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தை உத்தேசித்துச் செய்யப்பட்டவை. அதற்குப் பத்து மீட்டர் உயரத்து நீர் வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துப் பீப்பாய் அதில் பத்தில் ஒரு பங்கையே தரும். சொட்டுவானை வாங்கி மாட்டிவிட்டு, சொட்டவில்லையே என்று கடைக்காரரை நோவதில் பயனில்லை. பீப்பாய்க்கு ஏற்றது ‘மைக்ரோ டியூப்’ என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும் மெல்லிய வெறுங்குழாய். அதன் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் சொட்டின் வேகத்தை ஒழுங்கு செய்துகொள்ளலாம். நேரம் குறித்துத் திறக்கும் மின்வால்வு வைக்க விரும்புவோரும் இதே எச்சரிக்கையைக் கொள்ள வேண்டும்: அவற்றுள் பலவகை, நீரழுத்தம் குறைந்தால் திறப்பதேயில்லை. உள்ளே உருளை சுழன்று திறக்கும் வகைதான் பீப்பாய்க்கு உதவும்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிய குழாயைக் கொண்டுவந்து செடிக்கு மாட்டும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. திருகு உருளையால் துளியை எண்ணி விடலாம் என்பது அதன் சிறப்பு. புதிதாக வாங்கிப் பொருத்துவதில் தடையில்லை. நோயாளிக்கு உபயோகித்ததை எடுத்து வருவது கூடாது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி அது சிவப்புப் பையில் சேர்த்து முறைப்படி அகற்ற வேண்டிய பொருள். கீரைப் பாத்தியில் அதற்கு இடமில்லை.

தரையில் பாத்தி போட்டிருப்போருக்கு இதனினும் நல்லது மண்குடம். மெருகிடாமல் சுட்ட ஐந்து லிட்டர்க் குடத்தைக் கழுத்தளவு புதைத்து, சுற்றிலும் நான்கு செடிகளை நட்டு, குடத்தில் நீரை நிரப்பி மூடிவிட வேண்டும். மண் காய்ந்தால் குடத்தின் சுவர் வழியே நீரை இழுத்துக்கொள்ளும். ஈரமாயிருந்தால் இழுப்பது குறையும். உணரியும் பலகையும் சேர்ந்து செய்யும் வேலையைச் சுட்ட மண் தனியே செய்துவிடுகின்றது. சீன நாட்டில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்சி என்பவர் எழுதிய வேளாண்மை நூலிலேயே இம்முறை கூறப்பட்டுள்ளது. குடம் வாங்கும்பொழுது ஓர் இரவு நீர் வைத்து, காலையில் வெளிப்புறம் வியர்த்திருக்கின்றதா என்று பார்த்து வாங்க வேண்டும். வண்ணம் பூசிய குடம் உதவாது. ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் நாளடைவில் குடத்தின் நுண்துளைகளை அடைக்கும்; ஆண்டுக்கொரு முறை தோண்டியெடுத்து, தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் வைத்தால் ஓரளவு சரியாகும். இல்லையேல் புதுக்குடம் வாங்கவேண்டியதுதான்.

தொட்டிச் செடிக்கு வேறொரு வழி உண்டு. அது நெசவாளர் வீட்டுக்கென்றே அமைந்தது போலும். திரி வைத்த விளக்கில் எண்ணெய் ஏறுவதைப் போல, கீழே உள்ள பாத்திரத்திலிருந்து நூல் திரி வழியே மண்ணுக்கு நீர் ஏறும் முறை அது. கழிவு நூல் நம்மிடம் ஏராளம். ஆயினும் எந்த நூலும் ஆகும் என்று எண்ணலாகாது. கோரா நூலில் பருத்தியின் இயற்கை மெழுகு இருப்பதால் நீர் ஏறாது. சோப்புக் காரமும் வாஷிங் சோடாவும் இட்டு நன்றாகக் கொதிக்க வைத்து அலசிய பிறகே ஏறும். கஞ்சி போட்ட பாவு நூல் எறும்பையும் பூஞ்சையையும் அழைத்து வரும். பல முறை வெளுத்த பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கிய திரிக்கு ஈடில்லை. திரி அதிக உயரம் ஏற்றாது. பாத்திரத்துக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இருத்தலாகாது. பருத்தி மண்ணில் மக்கும் பொருளாதலால் சில மாதங்களுக்கொரு முறை மாற்ற வேண்டும். துளசி, புதினா, கற்பூரவல்லி போன்றவற்றுக்கு இது போதும். காய்ப்பிலிருக்கும் கத்தரியின் தாகத்தைத் திரி தீர்க்காது.

பீப்பாயோ குடமோ பாத்திரமோ எதுவாயினும், திறந்த நிலையில் விடுவது பெரும் தவறு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிட்டு எட்டுப் பத்து நாட்களில் பறக்கத் தொடங்கிவிடும். நெருங்க நெய்த துணியை வாயில் இறுகக் கட்டினால் போதுமானது. துணிக்கு நாம் யாரிடமும் போக வேண்டியதில்லை.

இவ்வாறு கூறுவதால் புதுமைக்கு நாம் விரோதி என்று அன்பர்கள் கருதிவிடக் கூடாது. உலகெங்கும் பரவியுள்ள இக்காலச் சொட்டுநீர்ப் பாசனமே ஒரு கூட்டுறவுக் கிராமத்தில் வளர்ந்த தொழில்தான். இஸ்ரேல் நாட்டு நெகேவ் பாலைவனத்தில், ஹட்செரீம் என்னும் கூட்டுவாழ்வுக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள், சிம்கா பிளாஸ் என்ற நீர்ப்பொறியாளருடன் சேர்ந்து 1965-ஆம் ஆண்டில் நெட்டாஃபிம் என்ற பெயரில் சொட்டுவான் தயாரிக்கத் தொடங்கினர். தங்கள் மண்ணுக்கும் தங்கள் குழாயிலிருந்த அழுத்தத்துக்கும் ஏற்றதைத் தாங்களே செய்துகொண்டனர் என்பதே நாம் கவனிக்கத்தக்கது. வயலுள்ள அங்கத்தினர்கள் அந்தச் சொட்டுநீர் முறையைத் தயங்காமல் ஏற்க வேண்டும். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதமும் ஏனையோருக்கு 75 சதவீதமும் அரசு மானியம் உள்ளது. சிட்டா, அடங்கல் காட்டிப் பெற வேண்டிய அந்த மானியம் நிலத்துக்கானது. கொல்லைப்புறத்து இருபது பைகளுக்கு அது வராது. அவற்றுக்குச் சங்கமே துணை.

ஆகவே நிர்வாகக் குழுக்களுக்கு நாம் கூறுவது இது. பொது நல நிதியில் கை வைத்து இலவசமாக எதையும் வழங்க வேண்டாம். இலவசமாக வந்த குடம் பரணில்தான் கிடக்கும். மிதவை வால்வையும் மெல்லிய குழாய்ச் சுருளையும் சங்கம் மொத்த விலைக்கு வாங்கி, அடக்க விலைக்கு அங்கத்தினருக்கு வெட்டித் தரலாம். குடங்களை அக்கம் பக்கத்துக் குயவர்களிடம் முன்பணம் கொடுத்து, வண்ணம் பூசாமல் சுட்டுத் தரச் சொல்லலாம். அவர்களுக்கும் அது பிழைப்பு. முதல் ஆண்டில் ஒரு தெருவுக்கு இரண்டு வீடுகள் போதும். எத்தனை குடம் நீர் மிச்சமாயிற்று என்ற கணக்கை அவ்வீட்டுப் பெண்களே எழுதி வரட்டும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் அவர்களே எழுந்து படிக்கட்டும். பங்குனிக்குள் குடங்கள் சூளையிலிருந்து இறங்க வேண்டுமானால், தை மாதக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலிலேயே இதனைச் சேர்த்துவிட வேண்டும்.