வந்த அன்றே வாங்கணுமா?



குறுவை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட காசு வீட்டுக்கு வருகிற சமயத்தில்தான் தீபாவளியும் வரும். தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் புது செல்போன் விளம்பரம் அமர்க்களப்படும். உடனே, "அப்பா, வந்த அன்னைக்கே வாங்கிடலாம்ப்பா" என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், எங்களுக்குத் தெரியும்!

உங்கள் ஊரில் வயதான விவசாயி யாராவது இருந்தால், 'ரேடியோ நெல்' தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் எடுத்துச் சொன்னது. ரகத்தின் பெயரே ரேடியோ நெல் ஆகிவிட்டது!

எந்த ரகமாக இருந்தாலும், ஆராய்ச்சி நிலைய வயலில் சோதித்த பிறகுதான் வெளியே வரும். அப்படியும் நம் விவசாயிகளில் பலர், புது விதையை முதலில் ஒரு துண்டு நிலத்தில் போட்டுப் பார்ப்பார்கள். அல்லது பக்கத்து வயல் விளைச்சலை எட்டிப் பார்ப்பார்கள். ஒரு போகம் போனால் சும்மாவா?

செல்போனில் துண்டு நிலம் ஏது? முதலில் வாங்குகிறவர்தான் சோதனை வயல்!

2007 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஆப்பிளின் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. ராத்திரியெல்லாம் வரிசையில் நின்று 599 டாலர் கொடுத்து வாங்கினார்கள். பத்தே வாரத்தில் அதே போன் 399 டாலர்! வாங்கியவர்கள் போட்ட கூச்சலில், ஆளுக்கு 100 டாலருக்கு ஆப்பிள் கடையில் பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தது கம்பெனி.

அது பணத்தோடு போயிற்று. 2016 ஆகஸ்டில் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7, பேட்டரிக் கோளாறால் தீப்பிடித்தது. மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன. அக்டோபரில் அந்த மாடலையே கைவிட்டுவிட்டார்கள்.

அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. இருக்கிற போன் பழுதாகி, படிப்புக்கும் தேவை என்றால் வாங்க வேண்டியதுதான். மலிவு என்று ரொம்பப் பழைய மாடலை வாங்கினாலும் தொல்லை உண்டு. பாதுகாப்பு அப்டேட்டைக் கம்பெனிகள் சில வருஷங்களுக்குத்தான் தரும். பெரும்பாலும் அந்தக் கணக்கு மாடல் வெளிவந்த நாளிலிருந்தே ஓடும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

எங்களைக் கேட்டால், தீபாவளிக்கு வந்த போனைப் பொங்கலுக்கு, சம்பா அறுவடை நேரத்தில் விசாரிக்கலாம் என்போம். குறை இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும், விலையும் இறங்கலாம். வாங்கியவர்களிடம் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கிறது, சூடாகிறதா, பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். கடைக்காரரிடமும் கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால், அடுத்த கடைக்குப் போகலாம்!

அன்புடன்,
ஆசிரியர்