ஏழு ஊற்றுத் தண்ணீர்

நம் வீடுகளில் ஏழாம் மாதம் என்றால் வளைகாப்பு. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், அதே ஏழாம் மாதத்தில் தலைப்பிள்ளைத்தாய்ச்சிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்! இதற்கு 'மித்தோனி' என்று பெயர். 'பிது' என்றால் அவர்கள் பாஷையில் ஏழு.

கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு நாங்கள் யோக்யகர்த்தாவில் இருந்தபோது, அடுத்த வீட்டு மருமகளுக்கு இது நடந்தது. ஏழு இடத்துத் தண்ணீரை ஒன்றாகக் கலந்து, ரோஜா, மல்லிகை தூவி, பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டாங்கச்சி அகப்பையால் மொண்டு ஊற்றினார்கள். பிறகு ஏழு பாத்திக் துணிகளை மாற்றி மாற்றி உடுத்தினார்கள். ஆறுக்கும் "பொருந்தலை, பொருந்தலை" என்று கூட்டம் ஒரே சிரிப்பு! ஏழாவதுதான் பொருந்தியது. இளநீர்க் காயில் யார் படம் தெரியுமோ? நம் மன்மதனும் ரதியும்தான். இத்தனைக்கும் அது முஸ்லிம் வீடு.

மாமியார்க்காரி மட்டும் முகம் வாடியிருந்தாள். "என்னத்தைச் சொல்றது அம்மா! எனக்குச் செய்தப்போ ஏழும் ஊற்றுத் தண்ணி. மேலே மரத்தை வெட்டினாங்க, இரண்டு ஊற்று வத்திப்போச்சு. கிணத்துத் தண்ணி சேர்த்துத்தான் ஏழு ஆக்கினோம்" என்றாள்.

ஊற்றோரத்து ஆலமரத்தில் காவல் தெய்வம் இருக்கிறது, வெட்டக் கூடாது என்பது அங்கே பழைய நம்பிக்கை. மூட நம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். வேரும் உதிர்ந்த சருகும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும். மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்கும். எரிமலை மண்ணடுக்குகளில் மெல்லக் கசிந்து, அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படும். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைந்த மாதங்களிலும் ஊருக்குத் தண்ணீர் தருவது இதுதான். மரம் போய் மண் இறுகினால், மழைத் தண்ணீர் வெள்ளமாக ஓடிவிடும்; ஊற்றுக்கு எங்கிருந்து வரும்?

ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டுச் சொட்டுக் குழாய் கண்ணில் பட்டது. வினாடிக்கு ஒரு சொட்டு. மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல்! அன்றே வாஷர் மாற்றினேன். அரிசி களைந்த தண்ணீர் இப்போது கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. ஜாவாக்காரர்களைப் போலவே தொட்டியிலிருந்து மொண்டுதான் குளிக்கிறோம். ஷவரைத் திறந்துவிட்டு நிற்பதில்லை.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: கொதிக்கக் கொதிக்கக் குளிக்காதீர்கள், வெதுவெதுப்பே போதும். ஈரத் தரையில் பார்த்துக் கால் வையுங்கள்.

உங்கள் மகளின் ஏழாம் மாதத்துக்கு வளையலோடு ஒரு மரக்கன்றும் வாங்குங்களேன். அவள் மகளின் ஏழாம் மாதத்துக்குத் தண்ணீர் வேண்டாமா?