தமிழ் மன்றத்தில் ஜாஸ் எதற்கு?

இவ்வாண்டு நம் மன்றத்தின் சார்பில் ஓர் இசைத்தட்டு மாலை நடத்தலாம், அதில் ஜாஸ் இசையைக் கேட்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, நண்பர் ஒருவர் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டார். பலர் சிரித்தனர். கேள்வி சிரிப்பதற்குரியது அன்று. தெலுங்கு மண்ணில் அமர்ந்து தமிழுக்கென மன்றம் கூட்டியிருக்கிறோம். தடாவில் ரயிலேறினால் அடுத்த நிலையமாகிய ஆரம்பாக்கத்திலேயே தமிழ்நாடு வந்துவிடுகிறது என்றாலும், வாரத்திற்கு ஒருமுறை கிடைக்கும் ஒரு மணி நேரத்தைத் தமிழுக்கு அன்றி வேறொன்றுக்குச் செலவிடுவதா என்பது நியாயமான கவலையே. எனது விடை இதுதான்: இன்று ஜாஸ் உலகில் பேசப்படும் குரல்களில் ஒன்று தமிழில் பாடுகிறது. அதை நாம் கேளாதிருப்பது நமக்குத்தான் இழப்பு.

ஜாஸ் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய திரைப்படங்களின் கிளப் காட்சி. வில்லன் மேசையில் சாய்ந்திருப்பான். மங்கை ஒருத்தி ஆடுவாள். பின்னால் ஒருவர் சாக்ஸபோனை ஊதிக்கொண்டிருப்பார். இன்னும் சிலருக்கு அது பெரிய ஓட்டல்களின் மின்தூக்கியில் கசியும் இசை. இவ்விரண்டும் ஜாஸின் தூரத்து உறவினர்களே. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் தங்கள் துயரையும் மிடுக்கையும் சேர்த்துப் படைத்த இசை அது. எழுதிவைத்ததை அப்படியே வாசிப்பது அதன் வழக்கமன்று. தெரிந்த மெட்டொன்றை எடுத்துக்கொண்டு, அப்பொழுதே, அவ்விடத்திலேயே புதிதாக வளர்ப்பதுதான் அதன் உயிர்.

நிரவலும் கற்பனைச் சுரமும் கேட்டு வளர்ந்தவர்க்கு இது புதிதன்று. ஆயினும் “அதுவும் நம் கச்சேரியும் ஒன்றே” என்று முடித்துவிடுவது அவசரம். நம் பாடகர்க்குத் தம்பூரா அசையாத நிலம். ராகம் எங்கே திரிந்தாலும் சட்சமம் இடம் பெயராது. ஜாஸிலோ பியானோக்காரர் மூன்று நான்கு சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கூட்டாக்கி, அக்கூட்டையே நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டு செல்வார். பாடகியின் காலடியில் நிலமே நகரும். நகரும் நிலத்தின்மீது கமகம் போட்டுப் பாடுவது எளிய செயலன்று. நம் சங்கீதமும் ஜாஸும் கலந்ததாகச் சொல்லப்படும் பல இசைத்தட்டுகளில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தத்தம் வழியே போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

இத்தகைய சந்திப்புகளில் மூத்த ஒன்று நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. பியானோக் கலைஞர் டேவ் புரூபெக் 1958-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சார்பில் இந்தியா முழுவதும் சுற்றி வந்தார். சென்னையில் அவருடைய குழுவினர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தனர். பிள்ளையவர்கள் இடக்கை வாத்தியக்காரர். குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மோரெல்லோ அவ்விடக்கையை எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அடுத்த ஆண்டே ஐந்து எண்ணிக்கையும் ஒன்பது எண்ணிக்கையும் கொண்ட தாளங்களில் ‘டைம் அவுட்’ என்ற தட்டை அக்குழு வெளியிட்டது. ‘கண்ட நடையைக் கற்றுக்கொடுத்தது நாமே’ என்று மார்தட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த ஒன்பதை அதே பயணத்தில் இஸ்தான்புல் தெருவில் கேட்டதாகப் புரூபெக்கே சொல்லியிருக்கிறார். ஐந்துக்கு உரிமை கொண்டாடவும் நம்மிடம் சான்று இல்லை. பெருமையை அளந்து பேசுவோம்.

மற்றோர் உறவு இதைவிட ஆழமானது. ஜான் கோல்ட்ரேன் என்ற சாக்ஸபோன் மேதையின் ‘எ லவ் சுப்ரீம்’ 1964 டிசம்பரில் பதிவாகி 1965-இல் வெளிவந்தது. அதன் நான்காம் பகுதியில், தாம் எழுதிய வேண்டுதல் ஒன்றை வாயால் பாடாமல், சொல் சொல்லாகச் சாக்ஸபோனிலேயே வாசிக்கிறார் அவர். சாகித்தியத்தின் எழுத்து தெரியும்படி ஊதும் நாகசுரக்காரரைக் கேட்டவர்களுக்கு அது உடனே விளங்கும். அவர் 1967-இல் மறைந்தபின், அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் மனச்சாந்தி தேடி ஒரு துறவியை அடைந்தார். அத்துறவி கோவைப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்த தமிழர், சுவாமி சச்சிதானந்தர். 1969-இல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவரே. அவர் பெயரைத் தாங்கி 1971-இல் வெளிவந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்ற தட்டில் ஆலிஸ் ஹார்ப் வாசிக்கிறார். அடியில் தம்பூரா ஓடுகிறது. உலகமெங்கும் ஜாஸ் அன்பர்கள் போற்றும் அந்தத் தட்டின் பெயர் ஒரு கொங்கு நாட்டாரைக் குறிக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தப் பின்னணியோடு கேட்க வேண்டியவர் கானவ்யா துரைசாமி. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அரிகதையும் பஜனை மரபும் பயின்று, பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இசை கற்றவர். 2018-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பு, ஜாஸ் உலகின் பழம்பாடல்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பாடிப் பார்த்த முயற்சி. பெயர் ‘ஐக்கியம்: ஒண்ணு’. ‘ஒன்று’ என்று எழுதாமல் ‘ஒண்ணு’ என்று வைத்த துணிவை முதலில் பாராட்டுகிறேன். வீட்டுப் பேச்சை மேடைக்குக் கூசாமல் கொண்டுவருபவர் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

தமிழை ஜாஸ் மெட்டில் அமர்த்துவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலம் அழுத்தத்தால் நடக்கும் மொழி. எந்த அசையையும் இழுக்கலாம், நறுக்கலாம், சொல் மாறாது. தமிழில் குறிலை இழுத்தால் பொருளே வேறாகிவிடும். ‘பல்’லை நீட்டினால் ‘பால்’, ‘கல்’லை நீட்டினால் ‘கால்’. மேனாட்டு மெட்டில் தமிழ் பாடும் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். பல்லும் பாலும் ஒன்றாகிச் சிரிப்பு வந்துவிடுகிறது. என் செவிக்கு எட்டியவரை, கானவ்யா நெடிலிலும் மெல்லின ஒற்றிலுமே தங்குகிறார். குறிலை மெல்லத் தொட்டுவிட்டு, மிச்ச நேரத்தை மௌனத்திற்கு விடுகிறார். அந்த மௌனத்தில் பக்கவாத்தியம் பேசுகிறது. அவருடைய பாடல்கள் மெதுவாக நகர்வதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் குரலில் மூச்சும் கேட்கிறது. கச்சேரி மேடையின் கணீரென்ற குரலைத் தேடுவோர்க்கு முதல் நாள் ஏமாற்றமாக இருக்கலாம்.

2024-ஆம் ஆண்டில் இரண்டு தொகுப்புகள் வந்தன. லண்டன் சாக்ஸபோன் கலைஞர் ஷபாக்கா ஹட்சிங்ஸின் நிறுவனம் ஒன்றை வெளியிட்டது. மற்றொன்று ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’, கோயிலின் மகள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை ஹூஸ்டன் நகரில் கூட்டி, சடங்கு போலவும் கச்சேரி போலவும் நடத்திய ஒரு கூடலிலிருந்து பிறந்தது அது. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயரும், பாடகியும் பாஸ் கலைஞருமாகிய எஸ்பரான்சா ஸ்பால்டிங்கும், 2023-இல் மறைந்த வெயின் ஷார்ட்டரும் அதில் பங்கு கொண்டனர். மேலே சொன்ன கோல்ட்ரேன் தம்பதியரின் இசையை அத்தொகுப்பு மீண்டும் எடுத்துப் பாடுகிறது. செட்டிப்பாளையத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒன்று, அரை நூற்றாண்டு கழித்துத் தமிழ்ப் பெண் ஒருவரின் தொண்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 2025-இல் வெளிவந்த ‘நிலம்’. கூட்டம் ஏதும் இல்லை. குரல், சார்ல்ஸ் ஓவர்ட்டனின் ஹார்ப், மேக்ஸ் ரிட்லியின் டபுள் பாஸ், பெரும்பாலும் அவ்வளவே. அதில் மராத்தி ஞானேசுவரரின் வேண்டுதல் இருக்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒன்றும் இருக்கிறது. சந்தத்தின் வேகத்திற்கே பெயர் பெற்ற திருப்புகழை ஹார்ப் நரம்புகளின் மேல் நிதானமாக நடக்கவிடுவது கேட்க வியப்பாக உள்ளது. வில்யாழை நாம் இழந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அதை ஏட்டிலிருந்து மீட்க விபுலாநந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து 1947-இல் ‘யாழ்நூல்’ வெளியிட்டார். ஹார்ப் நம் யாழன்று; ஆனால் அதன் இனத்தது. மீட்டி விட்ட நரம்பின்மேல் தமிழ்ப் பாட்டு எவ்வாறு ஒலித்திருக்கும் என்று பத்துப்பாட்டு வகுப்பில் எண்ணிப் பார்த்தவர்கள் இத்தட்டை ஒருமுறை கேட்க வேண்டும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது வழக்கு என்னவாக இருந்தது? தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் வரும் துக்கடாவாக இருந்தது. அதை நடுவிடத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். தமிழின் ஓசை கனமான சங்கீதத்தைத் தாங்காது என்று மறுதரப்பில் சிலர் சொன்னார்கள். உலக மேடைகளில் அதே துக்கடா வழக்கம் வேறு வேடத்தில் தொடர்கிறது. மேனாட்டுப் பாட்டின் நடுவே எட்டு வினாடி ஆலாபனையோ நான்கு சொற்கட்டோ தூவி, ‘இந்திய மணம்’ என்று விற்கிறார்கள். தாளித்துக் கொட்டிய கறிவேப்பிலை போலத் தமிழ் ஓரத்தில் கிடக்கிறது. கானவ்யாவின் தட்டுகளில் தமிழ் இலையின் நடுவே இருக்கிறது. தமிழிசைக்காக அன்று வாதாடியவர்களின் வழக்கில் இதை ஒரு சாட்சியாகச் சேர்க்கலாம் என்பது எனது துணிபு. ஆகவே இது தமிழ் மன்றத்தின் வேலைதான்.

குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. கானவ்யாவின் தொகுப்புகளை வரிசையாகக் கேட்டால் எல்லாமே வேண்டுதலாகிவிடுகிறது. ஊதுவத்திப் புகை கொஞ்சம் அதிகம். ஜாஸில் வேண்டுதல் மட்டுமா இருக்கிறது? கோபம் இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, சண்டைக்கு இழுக்கும் துடுக்கு இருக்கிறது. அவற்றைத் தேடுவோர் அமிர்தா கிடாம்பியிடம் போக வேண்டும். அமெரிக்காவில் வளர்ந்த தென்னிந்தியப் பெண். பஜனைக் கூடத்து ஹார்மோனியத்தையே ஆயுதமாக எடுத்தவர். ‘எல்டர் ஒன்ஸ்’ என்ற தம் குழுவோடு 2016, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட தொகுப்புகளில் குரல் கூவுகிறது, கிழிகிறது, முழங்குகிறது. முதல் தொகுப்பில் நான்கு யுகங்களின் பெயரால் பகுதிகள் அமைத்து, அவற்றுள் ஒன்றை 2014-இல் நியூயார்க் காவலர் பிடியில் மூச்சுத் திணறி மாண்ட எரிக் கார்னருக்குக் காணிக்கையாக்கினார். இனிமை என்பது அங்கே தேடக் கிடைக்காது. ஆனால் அந்த இசை எதற்காகப் பிறந்தது என்பது அதைக் கேட்டால்தான் விளங்கும். இருவரில் யார் பெரியவர் என்ற பட்டிமன்றம் வேண்டாம்; எனக்கு விடிகாலைக்கு ஒருவர், தேர்வு முடிவு வந்த மாலைக்கு மற்றவர்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு “ஒன்றுமில்லையே” என்று சொல்லாதீர்கள். டபுள் பாஸின் அடிக்குரல் அதில் வரவே வராது, பாதிப் பாட்டு போய்விடும். அறையில் நல்ல ஒலிபெருக்கி இரண்டு போதும். முதலில் ‘நிலம்’, அடுத்து ஆலிஸ் கோல்ட்ரேன், பின்னர் ‘எ லவ் சுப்ரீம்’ முழுவதும், கடைசியில் கிடாம்பி. மொத்தம் மூன்று மணி நேரம் பிடிக்கும்; ஆதலால் இரவுச் சாப்பாட்டிற்குப் பின் வைப்பதே நலம். தெலுங்கு நண்பர்களையும் அழைக்க வேண்டும். திருப்புகழின் பொருளை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் தேவை. அந்தப் பொறுப்பைக் கேள்வி கேட்ட நண்பரே ஏற்றுக்கொள்ளலாம்.