இனாம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் ஓர் ஓட்டல். நாலு பேர் சாப்பிடுகிறார்கள். பில் 100 டாலர். எழுந்திருக்கும்போது, பரிமாறிய பெண்ணுக்கு 20 டாலர் இனாம் வைக்கிறார்கள். "டிப்ஸ்" என்கிறோமே, அதுதான். நூற்றுக்கு 15 முதல் 20 வரை வைப்பது அந்த நாட்டு வழக்கம்.

அந்த 20 டாலரும் அவளுக்கா?

பல ஓட்டல்களில் இல்லை! எல்லாம் பொதுப் பணத்தில் சேருகிறது. பிறகு பங்கு போடுகிறார்கள். மேஜை துடைத்தவருக்கும் பங்கு உண்டு. இது முதலாளி உத்தரவு. மறுக்க முடியாது.

"சிரித்த முகத்தோடு ஓடி ஓடிப் பரிமாறியவள் நான். அடுத்தவருக்கு ஏன் கொடுக்கவேண்டும்?" என்று அவள் கேட்கலாம்.

அதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. மேஜை அழுக்காக இருந்தால் யாராவது இனாம் வைப்பார்களா? தட்டு கழுவுகிறவர் ஒரு நாள் வராவிட்டால் ஓட்டலே நாறிவிடும். அவர் நம் கண்ணில் படுவதில்லை. அதனால் அவர் பாடுபடவில்லை என்று ஆகிவிடுமா? பங்கு போடுவது சரி என்பதே என் கட்சி.

மீதிப் பாதி நியாயம் சம்பளத்தில் இருக்கிறது.

அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். ஆனால், இனாம் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும்! மீதியை இனாமில் கழித்துக்கொள்ளலாம். இனாம் போதாவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். 1991-ல் வைத்த தொகை இது. இன்றுவரை ஒரு சென்ட் ஏறவில்லை. (கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இந்தக் கழிவு கிடையாது.)

என்னைக் கேட்டால், அந்தப் பெண் சண்டை போடவேண்டியது இதற்காகத்தான். தட்டு கழுவுகிறவரோடு என்ன சண்டை?

2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. முழுக் கூலி கொடுக்கும் ஓட்டலில், சமையல்காரருக்கும் தட்டு கழுவுகிறவருக்கும் பங்கு கொடுக்கச் சொல்லலாம். 2 டாலர் 13 சென்ட் கொடுக்கும் முதலாளி அப்படிச் சொல்ல முடியாது. அங்கே, வழக்கமாக இனாம் வாங்குகிறவர்களுக்குள் மட்டுமே பங்கு. சமையல்காரரின் கூலியைப் பரிமாறும் பெண்ணின் மடியிலிருந்து எடுக்கக்கூடாது அல்லவா? நல்ல ஏற்பாடு.

முதலாளியோ மானேஜரோ பொதுப் பணத்தைத் தொடவே கூடாது. தொட்டால், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதே அளவு தொகையை நஷ்ட ஈடாகவும் கட்ட நேரும்.

மானேஜரே தனி ஆளாக ஒரு மேஜைக்குப் பரிமாறி, அங்கே இனாம் கிடைத்தால்? அதை அவர் வைத்துக்கொள்ளலாம். தடை இல்லை.